முதல் மேட்ச் ரைபிள்: ‘ஸ்டாக் அப்படியே பொருந்தும்’ என்று டீலர் சொன்னால் எதைப் பார்த்து நம்புவது?

#1 | நொய்யல்கரை

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 14 வயது. ஒன்றரை வருடமாக 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். முதலில் ஓபன் சைட், இப்போது பீப் சைட் (சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்ப்பது). கிளப் ரைபிள் ஒன்றை நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். இவள் கைக்கு வரும்போது சீக் பீஸ் (கன்னம் சாயும் கட்டை) ஒரு பக்கம், பட் பிளேட் (தோளில் பதியும் தட்டு) ஒரு பக்கம் நிற்கும். அதைச் சரிசெய்வதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது. சரி, சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

புதிய டாப் மாடலெல்லாம் நம் பட்ஜெட்டுக்கு ஆகாது. இப்போது கண்முன்னே இருப்பது இரண்டு. ஒன்று, செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் ரைபிள், அலுமினிய ஸ்டாக் (கையிலும் தோளிலும் பிடிக்கும் உடல் பகுதி). முன்பு வைத்திருந்தவர் ஆறடி ஆள். “ஸ்டாக் பெரிதாக இருக்கிறதே” என்று கேட்டால் டீலர் சிரிக்கிறார். “அதே கம்பெனியின் ஜூனியர் ஸ்டாக் என்னிடம் தனியாக இருக்கிறது சார். ஆக்‌ஷனை (பேரலும் ட்ரிகரும் சேர்ந்த இயந்திரப் பகுதி) தூக்கி அதில் போட்டுவிடலாம், அப்படியே பொருந்தும்” என்கிறார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை. இன்னொன்று புதிய என்ட்ரி லெவல் ரைபிள். பீச் மர ஸ்டாக், வலது இடது இரண்டு கைக்கும் பொதுவானது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

மனசு ஜெர்மன் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அந்த ‘அப்படியே பொருந்தும்’ என்பதை நான் எப்படிச் சோதிப்பது? எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

#2 | பத்துக்குப்பத்து

சார், முதலில் மகளுடைய உயரம், எடை சொல்லுங்கள். ரைபிளுக்கு அப்புறம் வரலாம்.

நான் பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்டாக் பொருந்துமா என்று கேட்கிறவர்கள் எல்லோரும் ஆக்‌ஷனுக்கு ஸ்டாக் பொருந்துமா என்று மட்டும்தான் கேட்கிறார்கள். ஸ்டாக் பிள்ளைக்குப் பொருந்துமா என்பது அவர்களுக்கு ரெண்டாம்பட்சம். எனக்கு அதுதான் முதல் கேள்வி. 10 மீட்டரில் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. மேட்ச் ரைபிள் என்று பெயர் வாங்கிய எதை எடுத்தாலும், வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) பிடித்துச் சுட்டால் ஒரே ஓட்டையில் போடும். பழைய ஆக்‌ஷன், புது ஆக்‌ஷன் என்பதெல்லாம் இந்த வயதுக்குக் காரணமே இல்லை. பாயிண்ட் போவது தோளிலும் கன்னத்திலும்தான்.

கடையிலேயே செய்து பார்க்கச் சொல்லி நான் பெற்றோரிடம் சொல்வது இதுதான். பிள்ளை ஷூட்டிங் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளட்டும். ஜாக்கெட் இல்லாமல் பார்த்தால் கணக்கு தப்பும், அதன் கனம் நீளத்தில் சேரும். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சீக் பீஸில் சாய்த்து, கழுத்து எங்கே சுகமாக நிற்கிறதோ அங்கே நிறுத்தட்டும். இப்போது கண்ணைத் திறக்கட்டும். பின் சைட்டின் ஓட்டைக்குள் முன் சைட்டின் வளையம் நடுவில் தெரிந்தால் சரி. தெரியாமல் கழுத்தை நீட்டினாலோ, தலையைச் சாய்த்தாலோ, ஸ்டாக்கைத்தான் நகர்த்த வேண்டும், தலையை அல்ல. சீக் பீஸ், பட் பிளேட் இரண்டும் அந்த அளவுக்கு நகருமா என்று அங்கேயே பாருங்கள்.

அடுத்தது இடது கை. நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்ற வேண்டும், உள்ளங்கை ஃபோர்எண்டுக்கு (ஸ்டாக்கின் முன்பாகம்) அடியில், ட்ரிகர் கார்டுக்குக் கொஞ்சம் முன்னால். பிள்ளைக்குக் கழுத்து நீளமாக, கை குட்டையாக இருந்தால் ரைபிள் கண் உயரத்துக்கு வராது. அப்போது இடுப்பு வளைந்து மேலே தூக்கும், அங்கே முதுகு வலி ஆரம்பம். ஃபோர்எண்டுக்கு அடியில் ரைசர் பிளாக் (உயரம் கூட்டும் கட்டை) போடும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அலுமினிய ஸ்டாக்குகளில் இது சுலபம். பல மர ஸ்டாக்குகளில் அடியில் ரெயில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

எடை பற்றி ஒரு வார்த்தை. விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம் என்பதற்காகப் பதினாலு வயதுப் பிள்ளையிடம் ஐந்து கிலோவைக் கொடுக்காதீர்கள்.

#3 | நொய்யல்கரை

உயரம் 152 செ.மீ., எடை 41 கிலோ. அந்த ஜெர்மன் ரைபிளை டீலர் தராசில் வைத்துக் காட்டினார், 4.8 கிலோ.

#4 | பத்துக்குப்பத்து

அப்போது உங்களுக்கு ஜூனியர் ஸ்டாக் ‘இருந்தால் நல்லது’ இல்லை, இருந்தே ஆக வேண்டும். சரி, ஆக்‌ஷன் ஸ்டாக்கில் உட்காரும் விஷயத்தை மரவேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும். உளிச்சத்தம் இருக்கிறாரா இங்கே?

#5 | உளிச்சத்தம்

இருக்கிறேன் அண்ணே.

நொய்யல்கரை சார், என் கதையை முதலில் கேளுங்கள். உங்கள் டீலர் சொன்ன அதே வார்த்தையை நம்பி நான் ஏமாந்தது ஆறு வருடத்துக்கு முன்பு. ஊரும் கடையும் வேண்டாம். ‘அதே கம்பெனி, அதே சீரிஸ்’ என்று ஓர் அலுமினிய ஸ்டாக் வாங்கினேன். வீட்டில் வந்து போட்டேன். இரண்டு திருகும் நேராக ஏறின, ஒரு சத்தம் இல்லை. அட, உண்மையிலேயே பொருந்திவிட்டதே என்று வீட்டில் பாயசம் வைக்காத குறை.

மறுநாள் ரேஞ்சில் முதல் பத்து ஷாட் அருமை. முப்பதாவது ஷாட்டில் குரூப் (ஓட்டைகள் சேர்ந்து விழும் இடம்) மெல்ல மேலே ஏறுகிறது. சைட்டைத் திருப்பினேன். காற்றுச் சிலிண்டரை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தால் கீழே இறங்கிவிட்டது. பெல்லெட்டை மாற்றினேன், சைட்டைக் கழற்றிப் போட்டேன், என் மூச்சைச் சந்தேகப்பட்டேன். மூன்று வாரம் போயிற்று. கடைசியில் பார்த்தால் சிலிண்டர் ஃபோர்எண்டின் உள்விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. என் ரைபிளின் சிலிண்டர் அந்த ஸ்டாக்குக்கு உரிய சிலிண்டரைவிடச் சற்றே பருமன். 200 பார் அழுத்தத்தில் இருக்கும்போது ஒரு மாதிரி அழுத்தும், காற்று இறங்க இறங்க வேறு மாதிரி.

திருகு ஏறுவது வேறு, பொருந்துவது வேறு. திருகு ஏறினால் திருகு ஏறியது என்று மட்டும்தான் அர்த்தம்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு பத்து ரூபாய் நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கசங்காதது. ஆக்‌ஷனை ஸ்டாக்கில் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்குத் திருகை முறுக்கிய பிறகு, பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில், சிலிண்டருக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் நோட்டை நுழைத்து முன்னிருந்து பின்வரை இழுங்கள். எங்கேயும் பிடிக்கக் கூடாது. இந்த ரைபிள்களில் பேரலும் சிலிண்டரும் ஆக்‌ஷனை மட்டுமே பிடித்துக்கொண்டு காற்றில் தொங்குவதுதான் முறை. முழுக்க நிரப்பிய சிலிண்டரோடு ஒரு தடவை, காலியானதோடு ஒரு தடவை செய்யுங்கள்.

இரண்டாவது சோதனைக்கு விரல் நுனி போதும். ரைபிளைச் செங்குத்தாக நிறுத்தி, ஆக்‌ஷனும் ஸ்டாக்கும் சந்திக்கும் கோட்டில் ஒரு விரலை இரண்டையும் தொடுகிற மாதிரி வையுங்கள். இன்னொருவர் முன் திருகை மெல்லத் தளர்த்தட்டும், மறுபடி முறுக்கட்டும். அந்தக் கோட்டில் ஏதாவது நகர்வது விரலுக்குத் தெரிந்தால், ஆக்‌ஷன் சமமாக உட்காரவில்லை, திருகு அதை வளைத்து இழுத்து உட்கார வைக்கிறது. முடி அளவு அசைவையும் விரல் கண்டுபிடித்துவிடும். பின் திருகுக்கும் இதே சோதனை. அசைவு தெரிந்தால் அந்த ஸ்டாக் வேண்டாம்.

மூன்றாவது, வீட்டில் கண்மை இருக்குமே, அதை ஆக்‌ஷனின் அடிப்பக்கம் மெல்லிசாகத் தடவுங்கள். போட்டு முறுக்கி, கழற்றுங்கள். ஸ்டாக்கில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் உட்காருகிறது. முன்னும் பின்னும் பரவலாக ஒட்டியிருந்தால் நல்லது. ஒரு மூலையில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி இருந்தால், வேண்டாம். எங்கள் அப்பா கதவு நிலைக்கு விளக்குக் கரி தடவிப் பார்ப்பார், அதே வித்தைதான்.

டீலர் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

#6 | ஸ்கோர்654

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? மேட்ச் ஏர் ரைபிளில் பெல்லெட் அரை கிராம், வேகம் வினாடிக்கு 170, 175 மீட்டர். ரீகாயிலே (பின்னுதை) கிடையாது. ஸ்டாக் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தால் என்ன? நான் ஓட்டையை ஃபைல் போட்டு அகலப்படுத்தி வேறு மாடல் ஸ்டாக்கை மாட்டி இரண்டு வருடம் சுட்டேன். ஜெர்மன் ரைபிளை விடாதீர்கள் சார்.

#7 | உளிச்சத்தம்

தம்பி, இரண்டு வருடம் சுட்டீர்கள் சரி, பெயரில் இருக்கும் 654, அறுபது ஷாட்டின் முழு ஸ்கோர், எப்போது வந்தது?

விளையாட்டுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரீகாயில் இல்லை என்பது உண்மைதான். பெரிய தோட்டா ரைபிளில் ஸ்டாக் தளர்ந்தால் முதல் பத்து ஷாட்டில் தெரிந்துவிடும். இதில் தெரியாது. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று நகரும், நாம் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்போம். அப்புறம் அந்த ஃபைல் போட்ட ஓட்டை. அதை விற்கும்போது வாங்குகிறவரிடம் சொன்னீர்களா?

#8 | ஸ்கோர்654

சொன்னேன் அண்ணே. விலையைக் குறைத்துத்தான் கேட்டார்.

#9 | இடக்கண்

நொய்யல்கரை சார், குறுக்கே வருகிறேன். மகளுக்கு எந்தக் கண் மாஸ்டர் கண் (குறி பார்க்க மூளை முதலில் நம்பும் கண்) என்று பார்த்தீர்களா?

நான் வலது கைக்காரி. மூன்று வருடம் வலது பக்கமே சுட்டேன், இடது கண்ணை மூடி மூடித் தலைவலி வந்தது. அப்புறம்தான் ஒரு கோச் கவனித்தார், எனக்கு இடது கண்தான் மாஸ்டர். கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை வையுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் காணாமல் போகிறதோ அதுதான் மாஸ்டர்.

இதை ஸ்டாக் இழையில் ஏன் சொல்கிறேன் என்றால், இடது பக்கம் சுடுகிறவருக்கு ஸ்டாக் கதையே மாறிவிடும். கிரிப் இடது கைக்கு வேண்டும், சீக் பீஸை மறுபக்கம் திருப்பிப் போட முடிய வேண்டும், பட் பிளேட்டின் சாய்வு எதிர்ப்பக்கம் வர வேண்டும், லோடிங் லிவர் எந்தக் கைக்கு எட்டுகிறது என்று பார்க்க வேண்டும். சில மாடல்களில் லிவரை இடம் வலம் மாற்றிப் போடலாம். செகண்ட் ஹேண்டில் இடது கை ஸ்டாக் கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் ஃபைன்வெர்க்பாவ் 500 ஒன்றைப் பிடித்தது அதனால்தான், அதன் மர ஸ்டாக் இரண்டு பக்கத்துக்கும் ஆகும். ஹேமர்லி ஏ.ஆர். 20-இன் ஸ்டாக்கும் இரண்டு பக்கத்துக்கும் ஆகும். அழகு இல்லை என்பார்கள், எனக்குக் கவலை இல்லை.

பக்கத்தை மாற்ற மனமில்லாதவர்கள் பிளைண்டர் (மற்றக் கண்ணை மறைக்கும் தகடு) வைத்து ஓட்டலாம். சைட்டில் மாட்டும் பிளைண்டருக்கு விதியில் 30 மி.மீ. உயரம், 100 மி.மீ. நீளம் வரை இடம் இருக்கிறது. பதினாலு வயதில் மாற்றுவது சுலபம், பதினெட்டில் கஷ்டம். நான் பதினேழில் மாற்றினேன், ஒரு சீசனே போயிற்று.

#10 | நொய்யல்கரை

இப்போதுதான் கடிகாரச் சோதனை செய்தோம். வலது கை, வலது கண். அப்பாடா. என் மனைவிக்குத்தான் இடது கண், அவர் இனி சமையலறைக் கத்தியை எந்தக் கையில் பிடிப்பது என்று கேட்கிறார்.

#11 | மெல்பர்ன்_மாமா

நான் இங்கே ஆஸ்திரேலியாவில் சின்னத் தோட்டா .22-வும் மான் ரைபிளும் சுடுகிறவன். ஏர் ரைபிள் என் துறை இல்லை. ஆனால் ‘அதே கம்பெனி, அதனால் பொருந்தும்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் கை துறுதுறுத்தது.

எங்கள் பக்கம் ஸ்டாக் மாற்றுவது தினசரி வேலை. முதல் ரைபிளாகச் சாதாரண பிளாஸ்டிக் ஸ்டாக்கோடு ஒன்றை வாங்குவார்கள், ஒரு வருடத்தில் நல்ல ஸ்டாக் போடுவார்கள். அதனால் வாங்கும்போதே ‘ஃபுட்பிரிண்ட்’ என்ன என்று கேட்பது பழக்கம். அதாவது ஆக்‌ஷனின் அடிப்பாகத்தின் வடிவமும் திருகுகளின் இடைவெளியும். வேடிக்கை என்னவென்றால் கம்பெனிப் பெயர் இதில் ஒன்றையுமே சொல்லாது. பெர்கரா பி-14 ஸ்பெயின் ரைபிள், ஆனால் அமெரிக்க ரெமிங்டன் 700-இன் ஃபுட்பிரிண்ட். ஜப்பானின் ஹோவா 1500-உம் வெதர்பி வேன்கார்டும் ஒரே ஆக்‌ஷன். டிக்கா டி1எக்ஸ் சின்ன .22. அதன் அடிப்பாகம் பெரிய தோட்டா டி3எக்ஸ் ஸ்டாக்கில் உட்காரும்படி செய்யப்பட்டது.

மறுபக்கம் பாருங்கள். சாவேஜ் 110-உம் சாவேஜ் ஆக்ஸிஸும் ஒரே கம்பெனி, ஸ்டாக் மாறாது. அந்த 110 குடும்பத்தின் குட்டை ஆக்‌ஷனிலேயே பழையதுக்குத் திருகு இடைவெளி 4.275 அங்குலம், பிந்தியதுக்கு 4.4 அங்குலம். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். செக் நாட்டு சி.இசட். 455-க்கு அடுத்து 457 வந்தபோது, பழைய ஸ்டாக்கை வைத்திருந்தவர்கள் அப்படியே போட முடியாமல் உளி எடுத்தார்கள். ஆன்ஷூட்ஸில் 54 ஆக்‌ஷன், 64 ஆக்‌ஷன் என்று இரண்டு. 64 சின்னது. இதன் ஸ்டாக் அதற்கு ஆகாது. இதைத் தெரியாமல் ‘ஆன்ஷூட்ஸ் ஸ்டாக், மலிவு’ என்று வாங்கி வைத்திருக்கிறவர் எங்கள் கிளப்பிலேயே இருக்கிறார், சுவரில் மாட்டியிருக்கிறார்.

ரெமிங்டன் 700 என்று எழுதியிருந்தாலும் முடிந்துவிடாது. குட்டை ஆக்‌ஷனா நீளமா, அடியில் மேகஸின் மூடி திறக்கிற வகையா மூடியே இல்லாத வகையா, பேரல் மெலிதா தடிமனா என்று மூன்று கேள்வி பாக்கி. தடித்த பேரலுக்காகக் குடைந்த ஸ்டாக்கில் மெலிந்த பேரலைப் போடலாம், இடைவெளி அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். தலைகீழாகப் போட்டால் மரத்தைச் சுரண்ட வேண்டும்.

ஆகவே நொய்யல்கரை, ஸ்டாக்கின் மாடல் எண், ஆக்‌ஷனின் மாடல் எண், சீரியல் எண் மூன்றையும் குறித்துக்கொண்டு தயாரிப்பாளருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஜெர்மன் கம்பெனிகள் இதற்கெல்லாம் பதில் போடும், எனக்குப் போட்டிருக்கிறார்கள். டீலரிடம் சண்டை போடுவதைவிட இது சுலபம்.

#12 | ஸ்கோர்654

மாமா, அங்கே ருகர் 10/22 இல்லையா? இணையத்தில் ஸ்டாக் என்று தேடினால் அதுதான் வருகிறது.

#13 | மெல்பர்ன்_மாமா

அது தானாக லோடு ஆகும் .22. இங்கே 1996-க்குப் பிறகு அந்த வகை சாதாரண லைசென்ஸில் வராது, சி பிரிவு. அமெரிக்காவில் அதற்கு ஸ்டாக் காய்கறி மாதிரி கிடைக்கும். அதிலும் மெலிந்த பேரல் ஸ்டாக், 0.920 அங்குலத் தடித்த பேரல் ஸ்டாக் என்று இரண்டு உண்டு, மாற்றி வாங்கித் திட்டுகிறவர்கள் அங்கேயும் உண்டு.

#14 | பத்துக்குப்பத்து

.22 பேச்சு வந்துவிட்டதால் பெற்றோருக்காக ஒரு வரி. நம் நாட்டில் .177 ஏர் ரைபிள், 20 ஜூல் சக்திக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். மேட்ச் ரைபிள்கள் எட்டு ஜூல் பக்கம்தான். .22 தோட்டா என்றால் லைசென்ஸ் கட்டாயம். இந்த இழையை ஏர் ரைபிளோடு வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது ஒரு பொருத்தம் இருக்கிறது, யாரும் இன்னும் தொடவில்லை: விதிப் புத்தகம். ஆக்‌ஷனுக்கும் பிள்ளைக்கும் பொருந்திய ஸ்டாக் எக்யுப்மென்ட் கன்ட்ரோல் (போட்டிக்கான கருவிச் சோதனை) மேசையில் விழுந்த கதைகள் உண்டு. கட்டை விரல் நுழைக்கும் ஓட்டை வைத்த ஸ்டாக் 10 மீட்டரில் கூடாது. வேட்டை பாணி ஏர் ரைபிள்களில் அது அழகாக இருக்கும், பிள்ளைகள் ஆசைப்படும். பாம் ரெஸ்ட் (உள்ளங்கைக்கான தாங்கி) கூடாது. ஃபோர்எண்டின் அடி, பேரலின் மையக் கோட்டிலிருந்து 120 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. நான் மேலே ரைசர் பிளாக் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் சேர்த்துத்தான் இந்த 120. ஐம்பது மீட்டர் ரைபிளிலிருந்து கழற்றிய கொக்கி வைத்த பட் பிளேட்டையும் இங்கே போட முடியாது.

செகண்ட் ஹேண்ட் என்றால் சிலிண்டரின் தேதியைப் பாருங்கள். ஸ்டாக்குக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். தயாரிப்பாளர்கள் பத்து வருடம்தான் தருகிறார்கள், தேதி சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். காலாவதியானால் போட்டியில் அனுமதி கிடைக்காது. புது சிலிண்டர் விலையை அந்த ஜெர்மன் ரைபிளின் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

#15 | இடக்கண்

பட் பிளேட் பற்றி ஒன்று. பின்னாளில் மெக், டெக்-ஹ்ரோ மாதிரி நல்ல பட் பிளேட் வாங்கிப் போடலாம் என்று நினைத்து ஸ்டாக் வாங்குகிறவர்கள், அது மாட்டும் குழாயின் அல்லது தட்டின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டாக்கிலும் மாட்டும் முறை வேறு, அடாப்டர் தேடி அலைய நேரும். முன் சைட் வளையங்களும் 18 மி.மீ., 22 மி.மீ. என்று இரண்டு. என் டப்பாவில் தப்பான அளவில் ஆறு வளையங்கள் இருக்கின்றன. யாருக்காவது 18 வேண்டுமா?

#16 | நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், செய்தியோடு.

முதலில் மாமா சொன்னபடி மின்னஞ்சல் போட்டேன். நாலாம் நாள் பதில் வந்தது, மூன்றே வரி. அந்த ஜூனியர் ஸ்டாக் ஜூனியர் மாடலின் சிலிண்டருக்காகச் செய்தது, உங்கள் ஆக்‌ஷனில் இருக்கும் நீளமான சிலிண்டருக்குப் பரிந்துரைப்பதில்லை என்று. உளிச்சத்தம், உங்கள் கதைதான் அச்சு அசல்.

அப்படியும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளையும் பத்து ரூபாய் நோட்டையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். டீலர் நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆக்‌ஷனை ஜூனியர் ஸ்டாக்கில் வைத்தார், திருகு இரண்டும் ஏறின. “பாருங்க சார்” என்றார். நோட்டைப் பேரல் பக்கம் விட்டேன், வழுக்கிக்கொண்டு போயிற்று. சிலிண்டர் பக்கம் விட்டேன், ஃபோர்எண்டின் நுனிக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. இழுத்தால் காந்தியின் காது மடங்குகிறது. டீலர் குனிந்து பார்த்தார். “இதைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளலாம்” என்றார். தேய்த்தால் அந்த ஸ்டாக்கை நான் வாங்கியே ஆக வேண்டும், தேய்க்காவிட்டால் சோதிக்க முடியாது. சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன்.

விரல் சோதனையையும் மகளை விட்டே செய்தேன். முன் திருகைத் தளர்த்தியதும் “அப்பா, ஏதோ மூச்சு விடுற மாதிரி இருக்கு” என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் விரலுக்குத் தெரிந்தது.

சிலிண்டர் தேதி: இன்னும் பதினான்கு மாதம்தான் பாக்கி.

அப்புறம் மர ஸ்டாக் ரைபிள். அதன் எடை 4 கிலோவுக்குச் சற்றுக் கீழே. பட் பிளேட்டுக்கு உள்ளே நீளம் கூட்டும் வளையங்கள் இருந்தன, அத்தனையையும் எடுத்தால்தான் இவளுக்குச் சரியாக வந்தது. ஜாக்கெட்டோடு கண்ணை மூடி நாலு தடவை தோளில் வைத்தாள். முதல் தடவை சீக் பீஸ் தாழ்வு. அதை இரண்டு சுற்று ஏற்றினோம். மற்ற மூன்று தடவையும் கண் திறந்ததும் வளையம் நடுவில் இருந்ததாகச் சொன்னாள். கை மட்டும்தான் பிரச்சினை. ரைபிள் கண் உயரத்துக்கு வர இடுப்பை வளைத்தாள். அடியில் ரெயில் இருந்தது. டீலரிடம் ரைசர் இல்லை, தனியாக வாங்க வேண்டும். மையக் கோட்டிலிருந்து ஃபோர்எண்டின் அடிவரை ஸ்கேலால் அளந்தேன், 75 மி.மீ. ஆக 45 வரை இடம் இருக்கிறது, இவளுக்கு 30 போதும்.

மர ரைபிளை எடுத்துவிட்டோம். ஜெர்மன் ஆசை எனக்குத்தான் இருந்தது என்பதை மகள் வண்டியில் வரும்போது சொல்லிக்காட்டினாள்.

#17 | உளிச்சத்தம்

நல்ல வேலை. மரம் என்பதால் ஒரே ஒரு விஷயம். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் மரம் கொஞ்சம் ஊதும், கோடையில் சுருங்கும். மாதம் ஒரு தடவை ஆக்‌ஷன் திருகின் முறுக்கைப் பாருங்கள், டார்க் கீ (முறுக்கின் அளவைக் காட்டும் சாவி) இருந்தால் நல்லது. கைக்கு வந்த பலத்தில் முறுக்க வேண்டாம், பீச் நசுங்கும். சீசன் மாறும்போது அந்தப் பத்து ரூபாய் நோட்டையும் ஒரு தடவை விட்டுப் பாருங்கள். காரின் டிக்கியில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

#18 | பத்துக்குப்பத்து

ரைசரை 30-க்கே நிரந்தரமாக வைக்க வேண்டாம், அவள் வளருவாள். நகரும் வகையாக வாங்குங்கள். எடுத்த வளையங்களைத் தொலைத்துவிடாதீர்கள், ஆறு மாதத்தில் ஒன்று திரும்பப் போட வேண்டி வரும். அடுத்த வாரம் ஸ்கோர் என்ன என்று கேட்க மாட்டேன், முதுகு வலிக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

#19 | நொய்யல்கரை

வளையங்களைப் பழைய பெல்லெட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். சீக் பீஸ் நிற்கும் இடத்தில் அம்மாவின் நெயில் பாலிஷால் ஒரு கோடும் போட்டாயிற்று. இனி யாரும் தொடக் கூடாதாம்.

#20 | ஸ்கோர்654

சார், அந்த ஜெர்மன் ரைபிள் இன்னும் கடையில் இருக்கிறதா? நான் ஐந்தடி பத்து. பெரிய ஸ்டாக்கோடு அப்படியே எடுத்துக்கொள்வேன்.

#21 | நொய்யல்கரை

நேற்று வரை இருந்தது, தனிச் செய்தியில் விவரம் அனுப்புகிறேன். ஃபைலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.